பிரிகாஸ்ட் கட்டடங்களின் பராமரிப்பும் தொலைந்துபோகும் பேனல் எண்ணும்

கட்டடத்தின் பாகங்களை வேறிடத்தில் முன்கூட்டியே வார்த்து, கொண்டுவந்து பொருத்தும் முறைக்குப் பிரிகாஸ்ட் (முன்வார்ப்பு) என்று பெயர். பிரிகாஸ்ட் களத்தில் வார்க்கப்படும் ஒவ்வொரு கான்கிரீட் பேனலுக்கும் ஓர் எண் உண்டு. அச்சிலிருந்து பேனலைத் தூக்கியதும் அதன் ஓரத்தில் ஸ்டென்சில் வைத்து எழுதிவிடுவார்கள்: எந்தப் புளோக், எத்தனையாவது மாடி, எந்த வகைப் பேனல், எந்தத் தேதியில் வார்த்தது, எடை எவ்வளவு. இப்போது பல களங்களில் கியூஆர் ஒட்டுத்தாளோ கான்கிரீட்டுக்குள் புதைத்த ஆர்எஃப்ஐடி சில்லோ கூடவே இருக்கிறது. லாரியில் ஏற்றும்போதும், தளத்தில் இறக்கும்போதும், கிரேனில் தூக்கி நிறுத்தும்போதும் எல்லாரும் அந்த எண்ணைச் சொல்லித்தான் பேசிக்கொள்வார்கள். பேனல் தன் இடத்தில் அமர்ந்து, இணைப்புகளில் கிரவுட் என்ற சிமெண்ட் குழம்பு இறங்கி, மேலே ஸ்கிம் கோட்டும் பெயிண்டும் ஏறியதும் எண் கண்ணுக்கு மறைகிறது. கணினியில் இருந்த அதன் பதிவும் கடைசி பில் பாஸாகும் வரை ஒப்பந்ததாரரின் அலுவலகத்தில் உயிரோடு இருந்துவிட்டு, பிறகு யாருக்கும் தேவைப்படாமல் போகிறது. கட்டடத்தைப் பராமரிக்க வருபவரின் கைக்குக் கடைசியில் வந்து சேர்வது, "கிழக்குப் பக்கம், 9ஆம் மாடியருகே சுவரில் நீர்க்கசிவு" என்ற ஒற்றை வரிப் புகார் மட்டுமே.

சிங்கப்பூரில் கட்டடப் பராமரிப்புத் துறையில் வேலை செய்பவன் என்ற முறையில், கடந்த சில ஆண்டுகளில் இந்தத் துறைக்குள் நுழைந்த டிஜிட்டல் கருவிகள் பலவற்றை நான் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். ட்ரோன், முப்பரிமாண மாதிரி, உணர்கருவிகள், விரிசலைத் தானே கண்டுபிடிக்கும் மென்பொருள் என ஒவ்வொன்றுக்கும் ஒரு பயன் இருக்கிறது. ஆனால் பிரிகாஸ்ட் கட்டடத்தைப் பொறுத்தவரை, அந்தப் பழைய பேனல் எண்ணை ஒப்படைப்பு நாளுக்கு அப்பாலும் உயிரோடு வைத்திருக்க உதவாத கருவி எதுவும் பராமரிப்பைப் பெரிதாக மேம்படுத்தாது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

இந்த ஊரில் பிரிகாஸ்ட் என்பது யாரோ சிலருடைய கட்டடம் அல்ல. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1980களில் இருந்தே பெரிய அளவில் முன்வார்ப்புப் பாகங்களைப் பயன்படுத்திவருகிறது. கழக வீடுகளின் எண்ணிக்கை இன்று பத்து லட்சத்துக்கும் மேல். வெளிச்சுவர், தளப்பலகை, மாடிப்படி, தண்ணீர்த் தொட்டி என்று தொடங்கிய வரிசை, பிறகு முழுக் குளியலறையையே தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து வைப்பது வரை நீண்டது. 2014 முதல் அரசு விற்கும் நிலங்களில் குறிப்பிட்ட சிலவற்றில், அறைகளையே பெட்டி பெட்டியாகச் செய்து அடுக்கும் முறை கட்டாயமாக்கப்பட்டது. 2019இல் முடிந்த கிளமென்ட் கனோப்பி என்ற 40 மாடி இரட்டைக் கோபுரம் ஏறத்தாழ 140 மீட்டர் உயரத்துக்கு அப்படிப் பெட்டிகளை அடுக்கிக் கட்டப்பட்டதுதான்.

தளத்திலேயே வார்த்த கட்டடத்துக்கும் இதற்கும் பராமரிப்பில் என்ன வேறுபாடு என்று கேட்டால், ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம்: இணைப்பு. தொழிற்சாலைக் கட்டுப்பாட்டில் வார்த்த பேனலின் நடுப்பகுதி பொதுவாக நல்ல தரத்தில் இருக்கும். தொல்லை தொடங்குவது பேனலும் பேனலும் சந்திக்கும் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் இடைவெளியில்தான். அந்த இடைவெளியின் வெளிப்புறத்தை சீலண்ட் என்ற ரப்பர்போன்ற அடைப்புப் பசை மூடியிருக்கும். அதற்குப் பின்னால் நுரைபோன்ற பேக்கர் ராடு. அதற்கும் உள்ளே கிரவுட்டும், கம்பியோடு கம்பியை இணைக்கும் ஸ்லீவ் என்ற குழாயும். கட்டி முடித்த பிறகு வெளியிலிருந்து பார்த்துச் சரிபார்க்கக்கூடியது சீலண்ட் மட்டுமே. ஸ்லீவுக்குள் கிரவுட் முழுமையாக நிரம்பியதா என்பதை அன்று அதை ஊற்றியவரும், மேல்துளை வழியே கிரவுட் வழிவதைப் பார்த்து அடைத்தவரும் மட்டுமே அறிவார்கள்.

இந்த இடத்தில் லண்டனை நினைவுகூராமல் இருக்க முடியாது. 1968 மே 16 அன்று ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தின் 18ஆம் மாடியில் எரிவாயு வெடித்து, மூலை வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்ததில் நான்கு பேர் இறந்தார்கள். பொறியியல் மாணவர்கள் அனைவரும் இதைப் படித்திருப்பார்கள். 1986இல் அந்தக் கட்டடத்தை மாடி மாடியாகப் பிரித்து இறக்கியபோதுதான், இணைப்புகளில் சாந்து நிரம்பாத வெற்றிடங்களும், சாந்துக்குப் பதிலாக அடைத்திருந்த செய்தித்தாள்களும் கண்ணில் பட்டன. வரைபடத்தில் இருந்த இணைப்பு வேறு, சுவருக்குள் இருந்த இணைப்பு வேறு.

ஆனால் பராமரிப்புக்காரர்கள் அதைவிடக் கூர்ந்து படிக்க வேண்டிய நிகழ்வு 2017இல் நடந்தது. தெற்கு லண்டனின் லெட்பரி குடியிருப்பில், ரோனன் பாயின்ட்டைப் போலவே லார்சன் நீல்சன் என்ற பிரிகாஸ்ட் பேனல் முறையில் கட்டிய நான்கு கோபுரங்கள் இருந்தன. வீடுகளில் கைவிரல் நுழையும் அளவுக்கு விரிசல் இருப்பதாகக் குடியிருப்பாளர்கள் சொன்னதன் பேரில் ஆய்வு நடந்தது. ரோனன் பாயின்ட் விபத்துக்குப் பிறகு செய்ய வேண்டியிருந்த வலுவூட்டும் வேலை இந்தக் கோபுரங்களில் செய்யப்பட்டதா என்ற எளிய கேள்விக்கு உறுதியான விடை கிடைக்கவில்லை. செய்யப்பட்டிருக்கும் என்றே நிர்வாகம் நம்பிவந்தது. செய்யப்படாமலேயே போயிருக்கலாம் என்றது ஆய்வு. உடனடியாக நான்கு கோபுரங்களுக்கும் எரிவாயு நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் மக்கள் வாழ்ந்த கட்டடத்தில், அதன் உயிர்நாடியான ஒரு தகவலுக்கு ஆதாரம் இல்லை. பதிவேட்டில் இருக்க வேண்டிய ஒரு வரி இல்லாத குறைக்கு, எத்தனையோ குடும்பங்கள் அடுப்பையும் வெந்நீரையும் மாற்றி, வீட்டையே மாற்ற வேண்டி வந்தது.

இனி நம் சுவருக்குத் திரும்பலாம். பேனல் எண் ஏன் முக்கியம் என்பதைச் சீலண்டை வைத்தே காட்டிவிட முடியும்.

வெளிச்சுவரில் நீர் கசிகிறது என்றால் பலரும் சொல்லும் காரணம் வெயில்: கான்கிரீட் விரிந்து சுருங்குகிறது, சீலண்ட் அறுந்துவிட்டது என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த விளக்கம் அவ்வளவு பொருந்தாது. ஆறு மீட்டர் நீளப் பேனலின் வெப்பநிலை 30 டிகிரி ஏறி இறங்கினால் அதன் நீளம் மாறுவது ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். இருபது மில்லிமீட்டர் அகல இணைப்பில், கால் பங்கு அசைவைத் தாங்கும் சாதாரண சீலண்டே 5 மில்லிமீட்டர் வரை நீண்டு கொடுக்கும். எனவே அது அறுந்தது எப்படி என்பதைக் கையில் பிடித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். சீலண்டின் நடுவில் கிழிந்திருந்தால் பொருள் முதுமை அடைந்திருக்கிறது, அல்லது இணைப்பு வரைபடத்தில் இருப்பதைவிடக் குறுகலாக அமைந்துவிட்டது. கிழியாமல், ஒரு பக்கக் கான்கிரீட்டை விட்டு முழுசாகப் பிரிந்து வந்தால் அது ஒட்டவே இல்லை என்று பொருள்.

கயிற்றில் தொங்கிச் சுவரைப் பரிசோதிக்கும் ஒரு தொழிலாளி, புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், ஒருமுறை இறங்கி வந்து என்னிடம் இப்படிச் சொன்னார்: "சார், இந்த வரிசைல பசை புடிக்கவே இல்ல. நுனியப் புடிச்சு இழுத்தா வாழைமட்டைல நார் உரிக்கிற மாதிரி முழுசா வருது. பக்கத்து வரிசைல கத்தி வெச்சுத்தான் அறுக்க வேண்டியிருக்கு." இரண்டு வரிசைகளும் ஒரே திசையைப் பார்ப்பவை, ஒரே வெயிலையும் மழையையும் வாங்குபவை, ஒரே ஆண்டில் ஒரே நிறுவனத்தின் சீலண்ட் பூசப்பட்டவை. உரித்தெடுத்த துண்டின் ஒட்டுப்பக்கம் வழுவழுவென்று, மாவு தூவியதுபோன்ற மெல்லிய படலத்தோடு இருந்தது. கான்கிரீட் அச்சில் ஒட்டாமலிருக்கப் பூசும் அச்செண்ணெய் பேனலின் ஓரத்தில் சரியாகக் கழுவப்படாமல் இருந்தாலோ, சீலண்ட் பிடிப்பதற்காக முதலில் பூசும் பிரைமரைப் பூசாமல் விட்டாலோ இப்படி ஆகும். முதலாவது காரணம் வார்ப்புக் களத்தில் பிறந்தது, இரண்டாவது காரணம் கட்டுமானத் தளத்தில் பிறந்தது. எது என்று சொல்ல, அந்த வரிசைப் பேனல்கள் எந்த அச்சில், எந்த வாரத்தில் வார்க்கப்பட்டவை என்று தெரிய வேண்டும். தெரிந்துவிட்டால் கேள்வியே மாறிவிடும்: அதே வாரத்தில் அதே அச்சில் வார்த்த மற்ற பேனல்கள் எந்தப் புளோக்கில், எந்த மாடியில் இருக்கின்றன? அவை இன்னும் கசியாமல் இருக்கலாம். ஆனால் அடுத்துப் பார்க்க வேண்டிய இடங்கள் அவைதான்.

கார் நிறுவனங்கள் பழுதான ஒரு பாகத்தைக் கண்டதும் அதே தொகுதியில் செய்த வண்டிகளை எல்லாம் திரும்ப அழைப்பதைப் பார்த்திருப்போம். கட்டடத்தைத் தொழிற்சாலையில் செய்யத் தொடங்கிய நாளிலேயே நமக்கும் அந்த வசதி கிடைத்துவிட்டது. தொகுதி, தேதி, அச்சு, கலவை என எல்லாவற்றுக்கும் களத்தில் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை ஒப்படைப்பு நாளில் கைவிட்டுவிட்டு, பிறகு பழைய செங்கல் கட்டடத்தைப்போல ஒவ்வொரு கசிவையும் தனித்தனி விபத்தாக நடத்துகிறோம்.

பிம் எனப்படும் கட்டடத் தகவல் மாதிரி இதைச் செய்யாதா என்று கேட்கலாம். சிங்கப்பூரில் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டங்கள் 2015 முதலே பிம் வடிவில் அனுமதிக்கு வரவேண்டும். ஐஎஃப்சி என்ற பொதுக் கோப்பு வடிவம் ஐஎஸ்ஓ 16739 என்ற தரநிலையாகி ஆண்டுகள் பல ஆயின. அதில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனி அடையாளக் குறியீடும் உண்டு. ஆனால் அனுமதிக்காகச் செய்த மாதிரியும், கட்டுவதற்காகச் செய்த மாதிரியும், பராமரிப்புக்குத் தேவையான மாதிரியும் ஒன்றல்ல. ஒப்படைப்பில் வரும் மாதிரியில் ஒவ்வொரு போல்ட்டும் வரையப்பட்டிருக்கும். சீலண்டின் தயாரிப்புத் தொகுதி எண் இருக்காது. கோப்பு பெரிதாக இருப்பதால் பராமரிப்பு அலுவலகத்துக் கணினியில் அது திறக்காது. திறந்தாலும் அதை உருவாக்கிய மென்பொருளின் பதிப்பு சில ஆண்டுகளில் மாறிவிடும். எனக்குத் தெரிந்த ஒரு கட்டடத்தில் முன்பு பராமரிப்பைப் பார்த்த நிறுவனம், ஒப்பந்தம் முடிந்து வெளியேறும்போது தன்னிடமிருந்த ஆண்டுக்கணக்கான ஆய்வுப் பதிவுகளைக் காகிதத்தில் அச்சடித்து, அதை ஸ்கேன் செய்து, தேட முடியாத பிடிஎஃப் கோப்புகளாகக் கொடுத்துவிட்டுப் போனது. ஒப்பந்தத்தில் "பதிவுகளை ஒப்படைக்க வேண்டும்" என்று இருந்தது, ஒப்படைத்தார்கள்.

கழக வீட்டின் குத்தகைக் காலம் 99 ஆண்டு. பராமரிப்பு ஒப்பந்தங்களும் மென்பொருள் சந்தாக்களும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கானவை. இந்த இரண்டு காலக்கணக்குகளுக்கும் இடையிலுள்ள பள்ளத்தைத் தாண்டக்கூடிய ஒரே பொருள், மிக எளிய வடிவில், யாருடைய மென்பொருளையும் நம்பியிராத ஓர் அட்டவணைதான் என்று நினைக்கிறேன். பேனல் எண், கட்டடத்தில் அதன் இடம், வார்த்த களம், தேதி, அச்சு, கான்கிரீட்டின் வலிமைச் சோதனை முடிவு, கம்பியின்மேல் உள்ள கான்கிரீட் கவரின் அளவு, கிரவுட் ஊற்றிய தேதி, ஊற்றிய குழு, சீலண்டின் பெயரும் தொகுதி எண்ணும்: இவ்வளவு போதும். முப்பரிமாண மாதிரி அழகாக இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் குடி முழுகிவிடாது.

ட்ரோன் விஷயத்துக்கு வருகிறேன். 2022 ஜனவரி 1 முதல் இங்கே கட்டட முகப்புகளுக்கான காலமுறை ஆய்வு நடைமுறையில் இருக்கிறது. 20 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, 13 மீட்டருக்கு மேல் உயரமான கட்டடங்கள் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆய்வு செய்யப்பட வேண்டும். முகப்பு முழுவதையும் கண்ணால் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் குறைந்தது 10 விழுக்காட்டை அருகே சென்று தொட்டுப் பார்க்க வேண்டும். முழு முகப்பையும் பார்க்க ட்ரோன் மிகப் பொருத்தமான கருவி. கோண்டோலா என்ற தொங்குமேடை கட்டிப் பல நாள் செய்த வேலையை அது வெகு சீக்கிரம் முடித்துவிடுகிறது. அகச்சிவப்புக் கேமரா பொருத்தினால் கான்கிரீட்டோ பூச்சோ உள்ளுக்குள் பிரிந்திருக்கும் இடம், வெயில் ஏறும்போது சுற்றியுள்ள பகுதியைவிடச் சீக்கிரம் சூடாகித் தனியாகத் தெரியும். ஆனால் கிழக்குச் சுவரைக் காலையிலும் மேற்குச் சுவரைப் பிற்பகலிலும் எடுக்க வேண்டும். முந்தைய நாள் மழை பெய்திருந்தால் படத்தை நம்ப முடியாது. சிங்கப்பூரில் மழை பெய்யாத முந்தைய நாளைத் தேடிப் பிடிப்பது தனிக் கலை.

விரிசலைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் எதையும் விடுவதில்லை என்பதுதான் அதன் குறை. பெயிண்டின் மயிரிழை வெடிப்பு, மழைநீர் வழிந்த கறை, கேபிளின் நிழல் எல்லாம் அதற்கு விரிசல்தான். அறிக்கையில் ஆயிரக்கணக்கான சிவப்புக் கட்டங்கள் இருக்கும். பொறியாளர் ஒருவர் உட்கார்ந்து அவற்றைக் கழித்துக்கொண்டே இருக்க வேண்டும். இதுவும் நாளடைவில் சீராகும். பெரிய இழப்பு வேறிடத்தில் நடக்கிறது. படங்கள் "வடக்கு முகப்பு, கோப்பு 0412" என்று சேமிக்கப்படுகின்றன. ஏழு ஆண்டு கழித்து வேறொரு நிறுவனம், வேறொரு ட்ரோன், வேறொரு கோணம். அன்று 0.2 மில்லிமீட்டராக இருந்த விரிசல் இன்று 0.4 ஆகியிருக்கிறதா என்பதே பொறியாளருக்கு வேண்டிய தகவல். இரண்டு படங்களும் ஒரே பேனல் எண்ணின் கீழ் இருந்தால் ஒழிய அதை எடுக்க முடியாது.

ட்ரோனால் தட்டிப் பார்க்கவும் முடியாது. கயிற்றில் தொங்குபவர் சுத்தியலின் பின்புறத்தால் தட்டும்போது, நல்ல கான்கிரீட் கணீரென்று ஒலிக்கும். உள்ளே பிரிந்தது பொத்தென்று ஒலிக்கும். அந்த வேலையைச் செய்பவர்களில் கணிசமானோர் தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் கையில் கொடுக்கப்படும் கைப்பேசிச் செயலியோ ஆங்கிலத்தில் இருக்கிறது. குறைபாட்டின் வகையைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலின் கடைசியில் "மற்றவை" என்று ஒன்று இருக்கும். அதிகம் தேர்ந்தெடுக்கப்படுவது அதுதான். வாழைமட்டை நார்போல உரிகிறது என்பதை எந்தப் பட்டியலிலும் அடக்க முடியாது. ஆனால் அந்த வாக்கியத்தில் இருந்த அளவுக்குத் தகவல், அன்று வந்த முழு அறிக்கையிலும் இல்லை. தமிழிலும் வங்காளியிலும் குரலாகப் பதிந்து, பேனல் எண்ணோடு சேர்த்து வைக்கும் வசதியைக் கொடுப்பது இன்றைய தொழில்நுட்பத்துக்குப் பெரிய காரியமே அல்ல. விலையுயர்ந்த கருவிகளுக்குச் செலவிடுவதில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்கலாம்.

குளியலறைக் கசிவும் இதே கதைதான். மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து கீழ்வீட்டுக் கூரையில் நீர் இறங்கினால், இரு வீட்டாரும் சேர்ந்து சரிசெய்ய வேண்டும் என்பது கழக விதி. உதவித் திட்டத்தின் கீழ் கழகம் பாதிச் செலவை ஏற்க, மேல்வீடும் கீழ்வீடும் கால் பங்கு கால் பங்காகப் பகிர்ந்துகொள்ளும். நியாயமான ஏற்பாடு. ஆனால் புகார் முறை டிஜிட்டல் ஆன பிறகும் ஒவ்வொரு புகாரும் வீட்டு எண்ணின் பெயரில்தான் பதிவாகிறது. ஒரே அடுக்கில் நாலைந்து வீடுகளில், ஒரே மூலையில், தரைக்குழாய் வாயருகே கசிவு வந்திருந்தால் அது நாலைந்து அண்டைவீட்டுச் சண்டைகளாகவே பதிவேட்டில் தெரியும். குளியலறைப் பெட்டிகள் ஒரே தொகுதியில் செய்தவை என்ற தகவல் அதே திரையில் வந்தால், பார்க்கும் அதிகாரிக்கே சண்டை எது, குறைபாடு எது என்று புரிந்துவிடும்.

உணர்கருவிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மின்தூக்கி, நீரேற்றி போன்ற இயங்கும் பொருள்களுக்கு அவை நன்றாக உதவுகின்றன. அசையாத கான்கிரீட் இணைப்பில் ஈரமானியைப் புதைத்தால், இணைப்புக்கு முன்பே மின்கலம் தீர்ந்துபோகும். பிறகு பராமரிக்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் அதுவும் ஒன்றாகிவிடும்.

எண் ஏற்கெனவே தொலைந்துவிட்ட பழைய கட்டடங்களுக்கு என்ன செய்வது? புது எண் கொடுக்க வேண்டியதுதான். முகப்புக்கு ஓர் எழுத்து, மாடிக்கு ஓர் எண், தரைமட்டத்தில் இடமிருந்து வலமாகப் பேனல் வரிசைக்கு ஓர் எண். முதல் ட்ரோன் படத்தொகுப்பை அந்தக் கட்டங்களாக வெட்டி அடிப்படைப் பதிவாக வைத்துக்கொண்டால், அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு ஆய்வும், ஒவ்வொரு புகாரும், ஒவ்வொரு பழுதுபார்ப்பும் அந்த எண்ணோடு ஒட்டிக்கொள்ளும். பேனல் பிறந்த கதை கிடைக்காவிட்டாலும் இனி நடப்பவை தொலையாது. இதற்கு ஒரு விரிதாளும் பிடிவாதமான ஓர் ஊழியரும் இருந்தால் போதும்.

புதிய கட்டடங்களில் இந்தச் சிரமமே வேண்டியதில்லை. சென்னை பெரும்பாக்கத்தில் லைட் ஹவுஸ் என்ற மத்திய அரசின் வீட்டுத் திட்டத்தின் கீழ் முன்வார்ப்பு முறையில் கட்டிய 1,152 வீடுகள் 2022 மே மாதம் திறக்கப்பட்டன. அத்தகைய குடியிருப்புகளில் வார்ப்புக் களத்துப் பதிவுகளைக் கேட்டு வாங்குவதற்கு இது இன்னும் காலம் கடந்துவிடாத வேளை. பத்தாண்டு போனால் கேட்பதற்கு ஆள் இருக்க மாட்டார்கள். இனி எழுதப்படும் ஒப்பந்தங்களிலோ, "பதிவுகளை ஒப்படைக்க வேண்டும்" என்ற வாக்கியத்தை எடுத்துவிட்டு ஒரு சோதனையை எழுதலாம். ஒப்படைப்பு நாளில் கட்டட உரிமையாளரின் பொறியாளர் கீழே நின்று, சுவரில் தன் விருப்பப்படி பத்துப் பேனல்களைக் கைகாட்ட வேண்டும். அங்கேயே, அப்போதே, ஒவ்வொன்றும் வார்த்த தேதியையும், கிரவுட் ஊற்றிய பதிவையும், சீலண்ட் தொகுதி எண்ணையும் ஒப்பந்ததாரர் காட்ட வேண்டும். பத்தும் சரியாக வரும்வரை, பிடித்துவைத்த தொகையை விடுவிக்கக் கூடாது.